படைக்காத கூழ்

சனிக்கிழமை கரையான்சாவடி மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அரை நாள் லீவு, சம்பளமும் பிடிக்க மாட்டோம் என்று கம்பெனி ஆபீசில் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வகைதான். ஓட்டுக் கேட்கிறவர்கள், கருமாதி வைத்திருக்கிறவர்கள். இது மூன்றாவது வகை. ‘உறவுப் பந்தி’ என்று பேர். வேறு வேறு மதத்துக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, இன்னதுதான் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, சிநேகிதம் பண்ணி வைப்பார்களாம்.

நானும் சகாயம்மாளும் திருமழிசை எஸ்டேட்டில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று பாட்டில் மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிறவர்கள். நசரத்பேட்டையில் எங்கள் இருவர் வீடும் ஒரே தெருவில். கம்பெனி வண்டியில் ஒரே சீட்டு. மத்தியானம் என் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். எங்களைப் போய்ச் சிநேகிதம் பண்ணி வைக்கிறார்களாம். சிரித்துக்கொண்டே போனோம்.

மதம் என்று எங்களுக்கு நடுவே இருந்தது ஒரே ஒரு சொம்பு. சகாயம் பிறந்தது மாதா கோயில்காரர்கள் வீட்டில். அவள் புருஷன் பால்ராஜ், முதுகுவலி தீர்ந்த சந்தோஷத்தில் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் சேர்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சபையில் சாமிக்குப் படைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் ஆடி மாசம் வேம்புலியம்மனுக்கு நான் கூழ் காய்ச்சும்போது, பானையைக் கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னாலேயே ஒரு சொம்பு மொண்டு தனியாக மூடி வைத்துவிடுவேன். அது சகாயத்துக்கு. பொங்கல் என்றாலும் சுண்டல் என்றாலும் அப்படித்தான். தெருவில் எல்லாருக்கும் தெரியும். பால்ராஜுக்கும் தெரியும். “படைக்காததுதானம்மா?” என்று கேட்டுவிட்டுப் பெண்டாட்டியை விட அதிகமாகக் குடிக்கிறவனே அவன்தான்.

ஒரே ஒரு தடவை அந்தச் சொம்பு அப்படியே நின்றுபோனது. போன வருஷம் ஆடி. அவள் மகன் ஆன்டோ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது, காலைக்குள் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சகாயம் தலைகூட வாராமல் நேராக அங்கே வந்து நின்றாள். எடுத்து வைத்திருந்த சொம்பை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டாள்.

“இது வாணாம்டி. படைச்சதையே குடு.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் பானையில் மொண்டு கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆன்டோ பிழைத்துக்கொண்டான். மருந்தா, மாதாவா, சபை ஜெபமா, என் ஆத்தாளா என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மண்டபத்துக்கு வருகிறேன். நடத்துகிறவர் ஷோபனா மேடம். கைத்தறிப் புடவை, கழுத்தில் கொட்டை கொட்டையாக மரமணி. மெதுவாகப் பேசினாலே நல்லவர் ஆகிவிடலாம் என்று நம்புகிறவர்களில் ஒருவர். கேமராவும் கையுமாக அவருக்குப் பின்னாலேயே அலைந்தவர் கிரண். யாருடைய மனசும் புண்படக் கூடாது என்று வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல், கறி இல்லாமல், முட்டை இல்லாமல் ஒரு பிரியாணி. மனசு புண்படவில்லைதான். நாக்கு செத்துப்போனது.

“இன்னாடி இது, பேதிக்குப் போட்ற சோறு மாரி கீது?” என்றாள் சகாயம்.

“கம்முனு துன்னுடி. லீவு வோணுமா வாணாமா?”

மேடம் ஒரு வெண்கல மணியை அடித்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டப்பா, அதற்குள் அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கேள்வி. ஒருத்தர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. மணி அடித்த பிறகு மற்றவர் பேச வேண்டும். எங்கள் பேச்சே குறுக்கே பேசுவதுதான். அவள் ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன். அதை நிறுத்தச் சொன்னால் இரண்டு பேரும் புகைப்படத்துக்கு நிற்கிறவர்கள் மாதிரி விறைத்துப் போனோம்.

மேடம் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நாங்கள் முன்பே பழக்கம் என்று சொன்னதும் அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

“பரவால்ல. உங்களுக்குள்ள மதம் சம்பந்தமா ஏதாவது கசப்பு? ஏதாவது காயம்? தயங்காம ஷேர் பண்ணுங்க. இது ரொம்பப் பாதுகாப்பான இடம்.”

“போன வாரம் என் மீன் கொயம்புல புளி ஜாஸ்தின்னு சொன்னா மேடம்,” என்றாள் சகாயம்.

மேடம் சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் கை விட்டு அவரே ஓர் அட்டையை எடுத்துப் படித்தார். ‘உங்கள் தோழியின் வீட்டு உணவில் உங்களுக்குப் பிடித்தது எது? அது உங்கள் நம்பிக்கையை எப்படி விரிவாக்கியது?’

கிரண் மைக்கை நீட்டினார். சகாயம் மைக்கைப் பார்த்தால் சபையில் சாட்சி சொல்கிற மாதிரி நிமிர்ந்து விடுவாள்.

“எனக்கு இவ ஊட்டு கூழு ரொம்பப் புடிக்கும். வருஷா வருஷம் ஆடி மாசம் குடிப்பேன். படைக்காத கூழு. அம்மனுக்குப் படைக்கிறதுக்கு முன்னாலயே எனக்குன்னு ஒரு சொம்பு தனியா எட்த்து வெச்சிருவா.”

“தனியாவா?” மேடத்தின் கை சகாயத்தின் கையைப் பிடித்தது. “ஏன் தனியா?”

“நாங்க படைச்சது சாப்டக் கூடாது மேடம்.”

“தனியா எடுத்து வைக்கறாங்கன்னு சொல்றப்போ உங்களுக்கு வலிக்கலையா?”

“இன்னாத்துக்கு வலிக்கணும்? நல்லா கெட்டியா கீற பாகமா பாத்துத்தான் எட்த்து வெப்பா.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். தனி டம்ளரில் டீ கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொம்பை எடுத்து வைக்க நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், கோயிலுக்குப் போகும் பானையில் முதலில் கை வைக்கிறாயே என்று என் மாமியாரிடம் எத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இந்த மரமணிக்கு எப்படித் தெரியும்? சொல்ல வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் வீடியோ வந்தது. எங்கள் தெருவில் எல்லார் போனிலும் வந்தது. தலைப்பு, ‘கூழில் கரைந்த மதம்’. சகாயம் பளிச்சென்று உட்கார்ந்து சொல்கிறாள்: “எனக்கு இவ ஊட்டு கூழு ரொம்பப் புடிக்கும். வருஷா வருஷம் ஆடி மாசம் குடிப்பேன்.” அவ்வளவுதான். உடனே பம்பைச் சத்தம், எங்கிருந்தோ பிடித்த ஓர் அம்மன் முகம், தீபாராதனை. கடைசியில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ‘படைக்காத’ என்ற வார்த்தையைக் காணோம்.

ஒரு வார்த்தைதானே என்று தோன்றும். சகாயத்தின் மகள் ஜெனிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சபை பாஸ்டரின் அக்கா மகன், ஆவடியில் வேலை. ஜெனிஷாவும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய் விடிய விடியப் போனில் பேசுகிறவர்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பிடித்தாகிவிட்டது. வீடியோ வந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஆராதனை முடிந்ததும் பால்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார். வருஷா வருஷம் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுகிற வீட்டில் பெண் எடுக்கத் தன் அக்கா சம்மதிக்க மாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சகாயம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஜெனிஷா கதவ சாத்திக்கினு கீறாடி. சோறு துன்ன மாட்டேன்றா. எங்க ஊட்டுக்காரரு இன்னாடான்னா என்னைப் பாத்து, ‘உண்மைய சொல்லு, படைச்சத துன்னியா’ன்றாரு. நான் இன்னாடி சொல்லுவேன்?”

வருஷா வருஷம் என்பது பொய். ஒரு வருஷம் என்பது நிஜம். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த நிஜம்.

முதலில் வீடியோவை எடுக்க வைப்போம் என்று அவளை இழுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த மேடத்தின் ஆபீசுக்குப் போனேன். சுவர் முழுக்கக் கைகோத்த கைகளின் படம். மேடம் எங்களுக்குப் பால் இல்லாத டீ கொடுத்து, நாங்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கேட்பதில் மட்டும் குறையே சொல்ல முடியாது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அதுதானே.

“அந்த வார்த்தைய ஏன் மேடம் வெட்னீங்க?” என்று கேட்டேன்.

“கஸ்தூரி, அது கொஞ்சம் நெகட்டிவா இருந்துது. படைச்சது, படைக்காததுன்னு பிரிக்கறப்போ அங்க ஒரு சுவர் வருது இல்லையா? நாங்க அந்தச் சுவரைத்தான் உடைக்க ட்ரை பண்றோம்.”

“நீங்க ஒடைச்சது செவுரு இல்ல மேடம். இவ பொண்ணு கல்யாணம்.”

“உங்க கோபம் எனக்குப் புரியுது. நான் அதை மதிக்கறேன்.” கண்ணை மூடித் திறந்தார். “டீம்ல பேசிட்டு எடுக்கப் பாக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பாஸ்டரையும் ஒரு பந்திக்குக் கூட்டிட்டு வந்தா என்ன? எதிர்ப்பு இருக்கற எடத்துலதான் நிஜமான உரையாடல் தொடங்கும்.”

சகாயம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். அவள் கும்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். டீம் பேசி முடித்து அந்த வீடியோவை எடுப்பதற்குள் அது பூந்தமல்லியைத் தாண்டிப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே பால்ராஜும் சகாயமும் நானும் பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். நல்ல வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத மனுஷன். என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். சொம்பு எடுத்து வைப்பது, மேடம் வெட்டியது எல்லாம். போன வருஷத்தை மட்டும் சொல்லவில்லை.

“நீங்க நல்ல சகோதரி,” என்றார் பாஸ்டர். “ஆனா நீங்க அவங்க சிநேகிதி. அவங்களுக்காகப் பேசத்தான் செய்வீங்க. எங்க அக்கா இதை நம்ப மாட்டாங்க.”

“உங்க பைபிள் மேல சத்தியம் பண்ணட்டுமாய்யா?”

“வேதம் சத்தியமே பண்ணாதேன்னு சொல்லுது. அதோட, நீங்க விசுவாசி இல்லையே.”

அப்புறம் பால்ராஜ் தொண்டையைக் கனைத்தான்.

“அய்யா, கஸ்தூரி அவ அம்மன் மேல சத்தியம் பண்ணட்டும். சூடம் ஏத்தி அணைச்சி சொல்லட்டும். அதுல அந்தப் பொம்பள பொய் சொல்ல மாட்டா. உசுரே போனாலும் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்.”

நான் அவனையே பார்த்தேன். என் வாசலில் வேப்பிலை கட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன். அம்மன் கோயில் மைக் செட்டு சத்தத்தைக் கேட்டால் ‘பிசாசு கத்துது’ என்று ஜன்னலைச் சாத்துகிறவன். பாஸ்டர் துள்ளிக் குதித்து மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மேசை மேலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது அவங்க நம்பிக்கை. அதுல நான் தலையிட முடியாது. அப்பிடி அவங்க சொன்னா, அக்காகிட்ட எடுத்துச் சொல்றேன்.”

காலை ஆராதனை வரை பிசாசாக இருந்த ஆத்தாள், கல்யாணம் என்றதும் சாயங்காலம் ஜாமீன் கையெழுத்துக்கு வேண்டியவள் ஆகிவிட்டாள். இவர்கள் யாரும் கடவுளை நம்புகிறவர்கள் இல்லை. என் பயத்தை நம்புகிறவர்கள்.

அந்தப் பயம் நிஜம். வேம்புலியம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் வீடு விளங்கியது கிடையாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் பாகப் பிரிவினையில் சூடம் அணைத்துப் பொய் சொன்ன சின்னப்பையன் என்கிறவன் வருஷம் திரும்புவதற்குள் மகனை லாரிக்குக் கொடுத்தான். எனக்கும் ஒரே மகன், சரண். தினமும் பெங்களூர் ரோட்டில்தான் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான்.

திரும்பி வரும்போது சகாயம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பால்ராஜ் முன்னால் போய்விட்டான்.

“வாணாம்டி. நான் பாஸ்டராண்ட போயி உண்மைய சொல்ட்றேன்.”

“சொன்னா ஜெனிஷா?”

“நீ பொய் சொன்னா சரணு?”

நான் முன்னால் நடந்தேன். எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. பொய்யும் இல்லாமல், அவளைக் காட்டியும் கொடுக்காமல் ஒரு வாக்கியம். வீட்டுக்குப் போகும் வரை அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார். பால்ராஜ் செருப்பைக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வந்தால் தீட்டு, வராவிட்டால் காது கேட்காது. பாவம், ஒரு காலை முன்னால் வைத்து ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றான். பாஸ்டர் எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதேச்சையாக டீ குடிக்க வந்தவராம். அந்தக் கடை டீயை எதேச்சையாக யாரும் குடிக்க மாட்டார்கள். சகாயம் தெருவோரம் தனியாக நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆத்தாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பால்ராஜ் காதில் விழுகிற மாதிரி சொன்னேன்: “சகாயத்துக்குன்னு நான் எட்த்து வெச்ச கூழு, ஒரு வருஷம்கூட படைச்ச கூழு இல்ல.”

அத்தனையும் நிஜம். எடுத்து வைத்தது எப்போதும் படைக்காததுதான். பால்ராஜின் முகம் தெளிந்துவிட்டது. நான் சூடத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

“ஒரு நிமிஷம்.”

பாஸ்டரின் குரல். முதுகைத் திருப்பாமலே பேசினார். “எடுத்து வச்சதுன்னு வேணாம் பால்ராஜ். ‘படைச்சதை அவ ஒரு தடவைகூடக் குடிச்சதில்லை’ன்னு சொல்லச் சொல்லுங்க.”

கெட்டிக்காரன். அந்த மேடத்துக்கு இந்தக் காது இருந்திருந்தால் இத்தனை வினையே வந்திருக்காது. வார்த்தையின் அருமை தெரிந்த ஒரே ஆள் என் எதிரியாக உட்கார்ந்திருக்கிறான்.

பால்ராஜ் என்னைப் பார்த்தான். “சொல்லும்மா கஸ்தூரி. அதான் உண்மையாச்சே. சொன்னா இன்னா?”

சூடம் எரிந்துகொண்டிருந்தது. சரணின் பைக் சத்தம் எனக்குள் கேட்டது. தெருவோரம் சகாயம் ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். குறுக்கே பேசுவதில் என்னை யாராலும் ஜெயிக்க முடியாது.

“எங்க ஆத்தா மேல சத்தியமா, படைச்ச கூழ சகாயம் ஒரு தபாகூட குடிச்சதில்ல!”

கத்திக்கொண்டே சூடத்தை உள்ளங்கையால் அடித்தேன். சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுப்பார்கள். நான் எடுக்கவில்லை. பொய்க்கு அதாவது கொடுக்கலாம் என்று தோன்றியது. பூசாரிதான் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.

பால்ராஜ் வாசலுக்கு வெளியிலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். என்னையா, எனக்குப் பின்னால் கருவறையில் இருந்தவளையா என்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்டர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். கல்யாணம் நடக்கும் என்றார். போகிற போக்கில் சகாயத்திடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

“மத்தவங்களுக்கு இடறலா இருக்க வேணாம் சகோதரி. இனிமே அந்த வீட்டுல நீங்க கை நனைக்கக் கூடாது.”

நான் ஆத்தாளை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த கல்யாணத்துக்கு வட்டி அது.

அன்று வேலைக்குப் போனோம். என் உள்ளங்கை கொப்பளித்துப் போயிருந்தது. மருந்து போட்டு, துணி சுற்றி, இடது கையால் மூடிகளை அடுக்கினேன். சகாயம் எதிரே நின்றுகொண்டு காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கமான மர நிழலில் போய் உட்கார்ந்தேன். அவள் வருவாளா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஷோபனா மேடம்.

“கஸ்தூரி, உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. சகாயத்துக்காக நெருப்பையே அணைச்சீங்களாமே! எனக்கு அழுகையே வந்துடுச்சு. இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? அடுத்த மாசம் எங்க ஆண்டு விழா. மேடையில அதைத் திரும்ப ஒரு தடவை செஞ்சு காட்ட முடியுமா? கிரண் லைட்டெல்லாம் பாத்துப்பார். நிஜ நெருப்பு வேணாம், பாதுகாப்பா ஏதாவது பண்ணிக்கலாம்.”

என் காதிலிருந்து போனைப் பிடுங்கியது சகாயம். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

“மேடம், நாங்க துன்னுகினு கீறோம். துன்றப்ப பேசக் கூடாது,” என்று சொல்லி அணைத்துவிட்டாள். போனைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு என் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எப்போதும் போல.

“பாஸ்டர் இன்னா சொன்னாரு, மறந்துட்டியா?” என்று கேட்டேன்.

“உன் ஊட்லதான கை நனைக்கக் கூடாதுன்னாரு. இது கம்பெனி.” சோற்றில் காரக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். “நீ மட்டும்தான் வார்த்தைய வளைப்பியா?”

முதல் உருண்டையை என் வாயருகே கொண்டுவந்தாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டேன். அடுத்த உருண்டை அவளுக்கு. புளி ஜாஸ்தி என்று முகத்தைச் சுளித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“சரணு இன்னும் போன் பண்லடி. டூட்டிக்குப் போய்ச் சேந்தா பண்ணுவான். இன்னிக்கிப் பண்ல.”

சகாயம் பிசைவதை நிறுத்தவில்லை.

“அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்ட்டேன். பொய்யி என்னால வந்தது, எது வந்தாலும் என் தலையில வைய்யி, அவ புள்ளையத் தொடாதன்னு காலைலயே சொல்ட்டேன்.”

“யாராண்ட சொன்ன?”

அவள் அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“ரெண்டு பேராண்டயும்தான்.”